வடக்குச் சரிவில் பதினொரு சுருள்

பிப்ரவரி 3, திங்கள்

சென்னைத் துறைமுக ஏலத்தில் மாட்டுப் பாய் என்று நினைத்து நான் எடுத்த முப்பது சுருளும் மாட்டுப் பாய் இல்லை.

ஏலத் தாளில் ‘கறுப்பு ரப்பர் விரிப்பு, சுருள் 30’ என்றுதான் போட்டிருந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, எடுக்காமல் விட்டுப்போன சரக்கு. தொழுவத்தில் மாட்டின் முட்டி தேயாமல் இருக்க விரிக்கிற ரப்பர் பாயை நான் இருபத்திரண்டு வருடமாக விற்கிறேன். புகைப்படத்தைப் பார்த்தே கனம் சொல்லுவேன் என்று பெருமை வேறு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்டினேன். இன்று காலை அயோத்தியாப்பட்டணத்தில் என் தீவனக் கடை வாசலில் லாரி இறக்கிவிட்டுப் போனது. ஒரு சுருளை விரித்தால் நான்கடி அகலம், இருபதடி நீளம், நெடுகிலும் சுண்டுவிரல் தண்டிக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இரண்டு முனையிலும் வரிசையாக ஓட்டை.

என் வீட்டுக்காரர் செங்கோடன் குனிந்து ஒரு ஓட்டையில் ஊதிப் பார்த்தார்.

“பாவாயி, இது மாட்டுக்கு இல்ல புள்ள. நாதஸ்வர கோஷ்டிக்குச் செஞ்சது.”

அவர் ஏற்காட்டு மலைப் பேருந்தை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது கொண்டை ஊசி வளைவில் வராத கோபம் கடையில் உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்து வரும்? எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அது கடை அட்வான்ஸுக்கு வைத்திருந்த பணம். கட்டிடத்துக்காரரிடம் மே பதினைந்துக்குள் இரண்டு லட்சம் கொடுத்தால் இன்னும் பத்து வருடம் கடை என்னுடையது. இல்லையென்றால் பேக்கரிக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். போன வாரம் டேப்போடு வந்து, என் தவிட்டு மூட்டைகளின் மேலேயே டேப்பை இழுத்து அளந்துகொண்டு போனார். அதுவரை சும்மா கிடக்கிற பணம்தானே, ஒரு சுற்று விடலாம் என்று விட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பேளூர்க்காரர் ஒருவருக்கு இரண்டு சுருள் கொடுத்துப் பார்த்தேன். மாலையே திரும்பி வந்துவிட்டது.

“ஏனுங்கம்மா, மாடு கால வெச்சா புஸ்ஸு புஸ்ஸுங்குது. சினை மாடுங்க அது. பாம்புன்னு நெனச்சு முளக்குச்சியோட பிடுங்கிட்டு ஓடிருச்சு. நாலு தோட்டம் தாண்டிப் போயிப் புடிச்சுட்டு வந்தேன்.”

“காத்து வாங்கற மாடலுங்க” என்றேன்.

“அப்ப நீங்களே படுத்து வாங்கிக்கங்க.”

பிப்ரவரி 6, வியாழன்

ஒரு சுருளுக்குள் புத்தகம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியா என்று முகவரி. என் இங்கிலீஷ் பில் போடுவதற்குத்தான் காணும். ஆனால் படம் போட்டிருக்கிறான், அது போதும். வீட்டுக் கூரைமேல் இந்தப் பாய். கீழே நீச்சல் குளம். குளத்துத் தண்ணீரை மோட்டார் கூரைக்கு ஏற்றுகிறது, குழாய் வழியாக ஓடி வெயிலில் சூடாகிறது, மறுபடி குளத்துக்கு இறங்குகிறது. மூன்று வகைக் கூரை, மூன்று படம். கூரையில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்று திசைகாட்டியும் வரைந்திருக்கிறான்.

ஆக, இது குளத்துக்கு வெந்நீர் போடுகிற சாமான். சேலத்தில் குழாயைத் திறந்தாலே கை வேகிறது. இங்கே எவன் வாங்குவான்?

செங்கோடன் தலையைச் சொறிந்தார். “மேல ஒருத்தர் இருக்காரு. ரத்தினசபாபதி. காப்பித் தோட்டத்துக்காரர். ஸ்டாப்பிங்குல நிக்கவே மாட்டாரு, வளைவுல நின்னு கைய நீட்டுவாரு. இப்ப விடுதி கட்டி, நீச்சல் குளமும் வெட்டியிருக்காராம். ஒருத்தனும் எறங்கறதில்லையாம். அவ்வளவு குளுரு.”

பிப்ரவரி 9, ஞாயிறு

மலைக்குப் போய் வந்தோம். விடுதியின் பெயர் மிளகுச்சோலை. குளம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. விரலை வைத்தேன், எலும்பு வரைக்கும் ஏறியது.

ரத்தினசபாபதிக்கு அறுபது இருக்கும். வெள்ளை வேட்டி, காதில் மப்ளர், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் திசைகாட்டி. வாஸ்து பார்க்காமல் செருப்பைக்கூடக் கழற்றிவைக்க மாட்டார் என்று வாட்ச்மேன் முதலிலேயே காதில் போட்டுவிட்டான்.

“என் சம்சாரத்தோட தம்பி கட்டுனது இந்தக் குளம்” என்றார். ‘தம்பி’ என்னும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வர்றவங்க துண்டோட வர்றாங்க, போட்டோ எடுத்துக்கறாங்க, அதே துண்டோட போறாங்க. உங்க பாயி சூடாக்கிருமா?”

“இருபத்தெட்டு டிகிரி வருமுங்க. வெள்ளைக்காரன் புத்தகத்துல போட்டிருக்கான்.”

புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. சரியாகப் போயிற்று.

அங்கே மூன்று கூரை இருக்கிறது. புது அறைகளுக்குக் கான்கிரீட் மொட்டை மாடி, சாப்பாட்டுக் கூடத்துக்குத் தகர சீட்டு, பழைய பங்களாவுக்கு மங்களூர் ஓடு. பங்களாக் கூரைக்கு இரண்டே சரிவு; வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. எந்தப் பக்கம் என்று கேட்டார். புத்தகத்தை விரித்துத் திசைகாட்டிப் படத்தை நீட்டினேன். படத்தில் பாய் விரித்த சரிவுக்கு நேரே முள் வடக்கைக் காட்டியது.

“வடக்கா!” என்று எழுந்தே நின்றுவிட்டார். “குபேரன் திசைம்மா! தண்ணி குபேரன் பக்கம் ஏறி எறங்குதுன்னா, இத விட என்ன வேணும்?”

அங்கேயே பிளம்பர் லூர்துராஜைக் கூப்பிட்டுவிட்டார். ஏற்காட்டுக்காரன், மலையில் பாதிக் குழாய் அவன் போட்டது. அவன் என்னை ஓரமாக அழைத்தான். “யக்கா, நம்ம ஊருல எல்லா சோலாரும் தெக்கப் பாத்துத்தான இருக்குது?”

“அதெல்லாம் பழைய மாடலப்பா.”

ஒப்பந்தம் இதுதான்: என் செலவில் முப்பதில் இருபத்து நாலு சுருள் ஏறும். தண்ணீர் இருபத்தெட்டைத் தொட்டால் அவர் எடுத்துக்கொள்வார். தொடாவிட்டால் நானே எல்லாவற்றையும் இறக்கி, கூரையில் உடைந்ததையும் சரிசெய்து தர வேண்டும். விலை? “மொதல்ல சூடு வரட்டும்மா, அப்புறம் பேசலாம்” என்றார். விலை பேசாமல் சரக்கு இறக்குவது என் வியாபாரத்தில் இதுதான் முதல் தடவை. வேறு குளம் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 12, புதன்

மொட்டை மாடியில் எட்டுச் சுருள். சுலபம் என்று நினைத்தேன். கழுவிக் காயவைத்துப் பசை தடவி ஒட்டினால், ஒரு மணி நேரத்தில் தோல் உரிகிற மாதிரி மேலெழும்பி வருகிறது. சுண்ணாம்புப் பூச்சு. பாயைப் பூச்சு பிடித்துக்கொண்டது, பூச்சைத் தளம் விட்டுவிட்டது. கம்பி பிரஷ் போட்டு முழுத் தளத்தையும் சுரண்டினோம். செங்கோடன் ஐந்து நிமிடம் சுரண்டிவிட்டு வாட்ச்மேனுடன் அரசியல் பேசப் போய்விட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

தகரக் கூரையில் ஐந்து. சீட்டுக்குப் பள்ளம் மேடு இருப்பதால் பசை பாதி இடத்தில் படவே இல்லை. புத்தகப் படத்தில் குறுக்கே பட்டை கட்டியிருக்கிறான். பட்டையை ஏற்கனவே இருக்கிற திருகில் மாட்டினோம். புதிதாக ஓட்டை போட விடவில்லை நான். தகரத்தில் போடும் ஒவ்வொரு ஓட்டையும் ஐப்பசியில் சாம்பார் அண்டாவுக்குள் சொட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஓட்டுக் கூரைதான் பேய். கீழே சட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். லூர்துராஜ் பூனை மாதிரி நடக்கிறான். ஆனாலும் இரண்டு நாளில் ஒன்பது ஓடு போயிற்று. ஓட்டில் பசை ஒட்டாது, திருகு போடவும் முடியாது. முகட்டுக்கு அந்தப் பக்கம் கயிறு இழுத்துக் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருக்கிறான் புத்தகக்காரன். அவனுடைய முடிச்சுப் படம் எனக்குப் புரியவில்லை. கடையிலிருந்து நைலான் கயிறு கொண்டுபோய், வைக்கோல் பாரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழும். வடக்குச் சரிவில் பதினொரு சுருளும் ஏறிவிட்டன. ரத்தினசபாபதி கீழே நின்று கும்பிட்டார். பாயையா, குபேரனையா, தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இருபத்தொன்று.

பால் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை மூன்று தடவை உதறிப் போட்டேன். இருபத்தொன்றுதான். மொட்டை மாடிக் குழாயில் வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஓட்டுக் கூரையிலிருந்து வருவது ஏறினபடியே இறங்குகிறது. செங்கோடனை இறங்கிப் பார்க்கச் சொன்னேன். முழங்காலோடு நின்றுவிட்டு, “முன்னைக்கு இப்ப பரவால்ல. முன்ன கால் இருக்கறதே தெரியல, இப்ப இருக்குதுன்னு தெரியுது” என்றார்.

ரத்தினசபாபதி ஒன்றும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பத்து நாள் பாக்கலாம்மா. அப்புறம் எறக்கிருங்க” என்றார்.

மார்ச் 1, சனி

கடையில் செங்கோடன் டிவியில் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஆஸ்திரேலியாக்காரனப் பாரு புள்ள. மார்கழி மாசம் நாம போர்வைக்குள்ள உக்காந்து பாக்கறோம், அவனுங்க பனியன் போடாம உக்காந்திருக்கானுங்க. நமக்குக் குளிருன்னா அவனுக்குக் கோடை. எல்லாம் தலகீழு அந்த ஊருல.”

கையிலிருந்த பில் புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

எல்லாம் தலைகீழ் என்றால், வெயிலும்தானே அவனுக்கு வேறு பக்கம்? நமக்குச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அவனுக்கு வடக்கே சாயும். புத்தகத்தில் வடக்கு என்று போட்டது அவன் ஊர்க் கூரைக்கு.

இதை இங்கே எழுதிவைக்கிறேன்: வடக்கே போட்டது நான் யோசித்துத்தான். நம் ஊரிலும் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதில்லை. என் கடை வடக்குப் பார்த்த கடை. சித்திரை பாதியில் வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து தவிட்டு மூட்டையைத் தொடும்; ஆடி கழியும் வரை போகாது. வருடாவருடம் அதற்குத்தான் படுதா கட்டுகிறேன். ஆக, சித்திரையில் சூரியன் வடக்கே வரும். இப்போது மாசி. கொஞ்சம் முந்திப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று, ஓட்டுக் கூரைப் பாயைத் தெற்குச் சரிவுக்கு மாற்றலாமா என்று மெதுவாக எடுத்தேன்.

“தெக்கயா? எமன் திசைம்மா! எமன் பக்கத்துல தண்ணிய ஏத்தி, அத சூடு வேற பண்ணி... பேசாதீங்க. என் சம்சாரம் அந்தச் சரிவுக்குக் கீழதான் படுக்குது.”

லூர்துராஜ் வாயைப் பொத்திக்கொண்டு குழாய்க்குள் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

கூரையைத் திருப்ப முடியாது. வியாழக்கிழமை கெடு. இறக்கினால் கடை போயிற்று. சூரியன் வடக்கே வர ஒன்றரை மாதம் வேண்டும்.

மார்ச் 5, புதன்

நாள் வாங்கிவிட்டேன்.

“சார், ஒரு விஷயம் நான் சொல்லாம விட்டுட்டேனுங்க” என்றேன். “புது ரப்பருங்க. எடுத்த எடுப்புல சூட்ட வாங்காது. வெயில் குடிச்சுப் பழகோணும். ஒரு மண்டலம் ஆகுமுங்க.”

மண்டலம் என்றதும் முகம் மாறிவிட்டது. “நாப்பத்தெட்டு நாளா?”

“நாப்பத்தெட்டேதானுங்க. நடுவுல எறக்குனா பலிக்காது.”

விரல் விட்டு எண்ணினார். இன்று தொடங்கினால் ஏப்ரல் இருபத்தொன்று. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்று கோபித்துக்கொண்டார். வாரம் ஒரு முறை பாயை நல்ல தண்ணீரில் அலச வேண்டுமா என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். புத்தகத்தில் இது இல்லை. புத்தகத்தில் இல்லாததெல்லாம் பொய் என்று ஆகிவிடாது.

திரும்பும்போது பேருந்தில் செங்கோடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஐந்தாவது வளைவு வரை சிரித்தார்.

மார்ச் 13, வியாழன்

அலசப் போனோம். ஓட்டுக் கூரையில் குரங்குக் கூட்டம். பாயின் மேல் மல்லாந்து படுத்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. தாய்க்குரங்கு ஒன்று குழாய் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது. லூர்துராஜை விடச் சரியாகத் திருகுகிறது. விரட்டக் கூடாது என்று ரத்தினசபாபதி உத்தரவு. ஆஞ்சநேயரே வந்து பழக்குகிறாராம்.

மார்ச் 20, வியாழன்

முதல் பேருந்தில் போனதில் ஒரு லாபம். விடிந்தும் விடியாமலும் போர்வெல் மோட்டார் ஓடுகிறது. வாட்ச்மேன் ஒரு பைப்பைக் குளத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பைப்பைச் செடிப் பக்கம் திருப்பினான்.

“எதுக்கப்பா காலங்காத்தால?”

“ஆவியாப் போயிருதுங்கம்மா. முதலாளி தெனமும் நிரப்பச் சொல்லியிருக்காரு.”

இந்தக் குளிரில் ஆவியா? குளத்தின் ஓரத்து நீல ஓடுகளை எண்ணினேன். நேற்று மாலை லூர்துராஜ் பார்த்தபோது தண்ணீர் மேலிருந்து இரண்டாவது ஓட்டில் இருந்ததாம். இன்று நான்காவதில் நிற்கிறது. குளத்துக்குக் கீழே சரிவில் இறங்கிப் பார்த்தேன். மலை முழுக்கப் புல் கருகிக் கிடக்கிறது. அங்கே மட்டும் பதினைந்து வாழை, ஒவ்வொன்றும் யானைக் கால் தண்டி, தளதளவென்று.

குளம் ஒழுகுகிறது. பகலெல்லாம் என் பாய் சூடாக்குகிற தண்ணீர் இரவு வாழைக்குப் போகிறது. விடியற்காலையில் பனிக்கட்டி மாதிரிப் போர்வெல் தண்ணீர் அந்த இடத்துக்கு வருகிறது. நானூறு அடி ஆழத்துக் குளிரோடு மல்லுக்கு நிற்கிறேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டே அந்த மனிதர் “இறக்கிருங்க” என்கிறார்! மனைவியின் தம்பி கட்டிய குளம் ஒழுகுகிறது என்று வீட்டில் சொல்ல முடியாது. சூடு வராததற்கு ஆள் வேண்டுமே, நான் கிடைத்தேன்.

எவ்வளவு கள்ளத்தனம். கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

கேட்கவில்லை. கேட்டால் சண்டை, சண்டை வந்தால் பாய் இறங்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரத்தினசபாபதி புதன்கிழமையே குடும்பத்தோடு சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார், ஐந்து நாள். செங்கோடன் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். “மோட்டாருல காயில் கருகுற வாசம் அடிக்குது, நாலு நாளைக்குப் போடாத தம்பி. நான் முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவன், வாசத்துலயே சொல்லுவேன்.” அவன் நம்பிவிட்டான். அவனுக்கும் விடிகாலை எழுந்திருக்க வேண்டாம்.

நிரப்பாமல் விட்டால் தண்ணீர் ஓட்டை இருக்கிற மட்டம் வரை இறங்கி நின்றுவிடும் என்றான் லூர்துராஜ். நின்றது. ஏணிக்குப் பக்கத்தில் விளக்கு பதித்த இடத்தைச் சுற்றி அரை வட்டமாக ஒரு விரிசல். விரலே போகிறது.

“மச்சினன் வேல, யக்கா. சிமெண்டுல வேற எங்கயோ வீடு கட்டிட்டான்.”

காயவைத்தோம். மிச்சமிருந்த ஆறில் ஒரு சுருளை எடுத்து முழ நீளம் வெட்டி, குழாயைச் சீவித் தட்டையாக்கி, பசை வைத்து ஒட்டி, மேலே நீல பெயின்ட் அடித்துவிட்டான். நாளை மறுநாள் தண்ணீர் நிரப்ப வேண்டும். எனக்கு ஒரு சுருள் நஷ்டம். அடுத்தவர் குளத்தைத் திருட்டுத்தனமாகப் பழுது பார்த்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 14, திங்கள். வருடப் பிறப்பு

கடையில் பூஜை. படுதாவை இறக்கித் தூசி தட்டினேன். பேக்கரிக்காரர் வாழ்த்துச் சொல்ல வந்தார். ஓவனை எந்த மூலையில் வைக்கலாம் என்று பேச்சுவாக்கில் என்னையே கேட்டார். தவிடு பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும் என்றேன். “அப்ப தவிடு இருக்காதுல்லங்க” என்றார். இனிப்பு கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மண்டலம் முடிந்தது. உச்சிப் பொழுதில் விடுதிக் கொடிக்கம்பத்துக்கு நிழலே இல்லை. காலடியிலேயே சுருண்டு கிடந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து வாட்ச்மேன் பிரதட்சிணம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினான்.

குளம் இருபத்தாறு.

ரத்தினசபாபதி தெர்மாமீட்டரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். “இருபத்தெட்டுன்னுதான சொன்னீங்க?”

“அட்சய திருதியை அன்னிக்குப் பாருங்க சார். அன்னிக்கு எது வெச்சாலும் வளரும். சூடு வளராதுங்களா?”

“அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தர மாட்டேன். அக்கினி நட்சத்திரம் பொறந்துட்டா நான் எதுலயும் கை வைக்க மாட்டேன்.”

அதற்குள் இன்னும் ஒன்பது நாள் சூரியன் வடக்கே நடக்கும். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இங்கே மூன்று மணியிலிருந்து மேகம். மலையில் மழையாம். லூர்துராஜுக்கு ஆறு தடவை போன் போட்டேன். ஏழாவது தடவை, “யக்கா, மேகம் நான் மாட்டுன பைப்பு இல்ல” என்று வைத்துவிட்டான்.

ஏப்ரல் 30, புதன்

பிற்பகல் நாலு மணி. இருபத்தொன்பது.

ஓட்டுக் கூரையிலிருந்து இறங்குகிற குழாயில் கை வைக்க முடியவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் தானாகவே இறங்கிவிட்டது; ஒரு மணி நேரமாக ஏறவில்லை. செங்கோடன் அரை டிராயரோடு நடுக் குளத்தில் மிதந்துகொண்டு, “பாவாயி, சோப்புக் குடு” என்று கத்தினார். நான் அவரைத் தெரியாத மாதிரி நின்றேன்.

விலை பேச நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார் ரத்தினசபாபதி. முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சந்தை நாளில் மாட்டைச் சுற்றி வருகிறவனின் முகம்.

மே 1, வியாழன்

அவர் என்னைக் குளத்தடிக்குக் கூட்டிப்போகவில்லை. கீழே வாழைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். இலையெல்லாம் மடிந்து தொங்குகிறது.

“பாவாயிம்மா, நம்ம வாழை வாடுதே, கவனிச்சீங்களா?”

“வெயிலுங்க சார்.”

“ரெண்டு வருஷமா வெயிலுக்கு வாடாத வாழைம்மா. நான் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுலருந்து வாடுது.”

நான் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். அவர் திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

“மார்கழில சூரியன் எங்க இருக்கும்?”

“தெக்கங்க.”

“எம் பங்களா மேல பாயி எங்க இருக்கு?”

“வடக்கங்க.”

“நாப்பத்தெட்டு நாள் ரப்பர் என்ன குடிச்சுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? காப்பிச் செடிக்கு எந்த மாசம் எந்தப் பக்கம் நிழல் வேணும்னு பார்த்தே தல நரைச்சவன் நான். மூணாம் நாளே புரிஞ்சுது. சரி, இந்தம்மா எது வரைக்கும் போகுதுன்னு பாக்கலாம்னு இருந்தேன்.”

கடை கண் முன்னால் வந்தது. தவிட்டு மூட்டை இருந்த இடத்தில் பன் ரொட்டி. இனி மறைத்து ஆகப் போவது ஒன்றும் இல்லை.

“ஆமாங்க சார். படத்தப் பாத்து வடக்கப் போட்டேன். அவன் ஊருக்கு வடக்கு, நமக்குத் தெக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது. மண்டலம் நான் கட்டுன கதை. சித்திரைலருந்து ஆவணி வரைக்கும் இந்த வடக்கு நல்லா வேல செய்யும், அதுல பொய் இல்ல. மார்கழிக்கு ஆகாது. ஆனா நீங்க மட்டும் என்னங்க? ஒழுகற குளத்த வெச்சுக்கிட்டு, தெனமும் பச்சத் தண்ணிய ஊத்தி, சூடு வரலன்னு எம் பாயி மேல பழிய போடப் பாத்தீங்களே?”

“எந்த ஒழுக்கு?” என்றார், பங்களாப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி.

“விளக்குக்கிட்ட இருந்த ஒழுக்கு. அடச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அம்மாவக் கூப்பிடட்டுங்களா? தம்பி வேலையப் பத்தி ரெண்டு வார்த்த பேசலாம்.”

“குரல் எதுக்கு எழும்புது? மெதுவாப் பேசலாமே.”

முதலில் சிரித்தது அவர்தான். வயிறு குலுங்க, மப்ளர் அவிழ்கிற அளவுக்குச் சிரித்தார். மேலே குளத்துக்குள்ளிருந்து செங்கோடன், காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்.

“சரி, மார்கழிக்கு என்ன வழி?”

“ஓட்டுல இருக்கற பதினொண்ணும் கயித்துல கட்டுனதுதானுங்க. ஒரு முனைய இழுத்தா அவுந்துரும். அர நாள்ல அந்தப் பக்கம் திருப்பிரலாம்.”

“எமன் திசைம்மா.”

“எமனுக்கும் மார்கழில குளிருமில்லைங்க? ஆறு மாசம் குபேரனுக்கு, ஆறு மாசம் அவருக்கு. ரெண்டு பேர்த்தயும் பகைச்சுக்காம இருக்கறவன் நல்லா இருப்பான். வேணும்னா முகட்டுல ஒரு எலுமிச்சம்பழம் கட்டிக்கங்க.”

“எத்தன பழம்?” என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு விலை. சுருளுக்கு அவர் ஏழாயிரத்தில் தொடங்கினார், நான் பதினாலில். காப்பி இரண்டு தடவை வந்தது. இடையில் ஒரு தடவை நான் செங்கோடனைக் கரையேறச் சொன்னேன். ஒரு தடவை ரத்தினசபாபதி லூர்துராஜை ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏணி வருவதற்குள் முடிந்துவிட்டது.

முடிந்த பேச்சு: சுருள் ஒன்றுக்குப் பத்தாயிரம், இருபத்து நாலு சுருளுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், மே பன்னிரண்டுக்குள் ஒரே தவணையில். உடைந்த ஒன்பது ஓடும் என் கணக்கு. புரட்டாசி கடைசியில் பதினொரு சுருளைத் தெற்குச் சரிவுக்கும், பங்குனி கடைசியில் மறுபடி வடக்குச் சரிவுக்கும் மாற்றித் தருவது மூன்று வருடத்துக்கு என் பொறுப்பு, கூலி பாதிப் பாதி. எலுமிச்சம்பழம் அவர் செலவு. வாழைக்கு இனி அவரே தண்ணீர் ஊற்றிக்கொள்வார். குளம் எந்தக் காலத்திலும் ஒழுகியது கிடையாது, மைத்துனர் நன்றாகவே கட்டியிருக்கிறார் என்று அவர் மனைவி எப்போது கேட்டாலும் நான் சொல்ல வேண்டும்.